உறைக்கு வைத்த மண்

நீல பிளாஸ்டிக் பேரலில் 200 லிட்டர் கிணற்றுத் தண்ணீர் இருந்தது. அதில் 10 கிலோ சாணத்தைச் சித்தப்பா முழங்கை வரை கையை விட்டுக் கரைத்திருந்தார். 10 லிட்டர் கோமியம் ஊற்றியாயிற்று. 2 கிலோ வெல்லத்தை நுணுக்கிப் போட்டாயிற்று. 2 கிலோ உளுந்து மாவையும் கட்டி தட்டாமல் தூவிக் கலக்கிவிட்டு, "போயி ஒரு கை மண்ணு அள்ளிக்கிட்டு வாப்பா" என்றார். கடலை பறித்துக் கிடந்த கொல்லை பக்கத்திலேயே இருந்தது. அள்ளிக்கொண்டு வந்தேன். கையை விரிக்கச் சொன்னார். குனிந்து மோந்து பார்த்தார். என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி மண்ணைக் கீழே கொட்டிவிட்டார்.

"இது உப்பு தின்ன மண்ணுப்பா. இதுல என்ன இருக்கும்? வரப்புல அருகம்புல்லு அடியில பாத்து எடு."

எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் யூரியாவுக்கும் டிஏபிக்கும் பொதுப்பெயர் உப்புதான். வரப்புக்குப் போய் அருகம்புல்லை விலக்கி விரல் நுழைத்தேன். நுழைந்தது. கொல்லை மண் செங்கல் பொடி மாதிரி விரலிடுக்கில் வழிந்தோடியது. இது அப்படி ஓடவில்லை. புட்டு உதிர்கிற மாதிரி சின்னச் சின்ன உருண்டையாக நின்றது. குளிர்ந்திருந்தது. மயிரிழை போன்ற வேர்கள் உருண்டைகளைக் கோத்துப் பிடித்திருந்தன. மூக்கருகே கொண்டுபோனால் கோடை மழை இறங்கும்போது வருமே, அந்த வாசனை வந்தது. கொல்லை மண்ணில் ஒரு வாசனையும் இல்லை. இரண்டும் ஒரே செம்மண்தான். ஒரே வானம் பார்த்த மண், ஒரே பட்டா எண். நடுவில் இருந்த தூரம் நாலு அடி.

அந்த நாலு அடியைப் பற்றித்தான் பத்து வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பேரலில் தயாரானது ஜீவாமிர்தம். மராட்டியத்தின் விதர்ப்பாவைச் சேர்ந்த சுபாஷ் பாலேக்கர் ஊர் ஊராகப் போய்ப் பரப்பிய கரைசல் அது. 2016இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. தமிழ்நாட்டு இயற்கை விவசாயிகளுக்கு அதற்கு முன்பே நம்மாழ்வார் சொல்லிக்கொடுத்த அமுதக்கரைசல் தெரியும், கொடுமுடி டாக்டர் நடராஜன் பெயரோடு சேர்ந்து பரவிய பஞ்சகவ்யம் தெரியும். ஒவ்வொன்றுக்கும் செய்முறை வேறு. ஆனால் ஜீவாமிர்தத்தின் செய்முறையில் ஒரு விஷயம் என்னை நிறுத்திவைத்தது. சாணத்துக்குக் கிலோக் கணக்கு உண்டு. கோமியத்துக்கு லிட்டர் கணக்கு உண்டு. வெல்லம், மாவு எல்லாம் நிறுத்துப் போட வேண்டும். மண்ணுக்கு மட்டும் 'ஒரு கைப்பிடி'. பயிற்சி வகுப்புகளில் அதை 'ஜீவனுள்ள மண்' என்பார்கள். இருக்கிற பொருள்களில் ஆகச் சிறிய அளவு அதுதான். மற்ற எல்லாவற்றையும் கடையிலோ பக்கத்து வீட்டிலோ வாங்கிவிடலாம். இதை வாங்க முடியாது.

அந்தக் கைப்பிடிக்குள் என்ன இருக்கிறது? நல்ல மண்ணில் ஒரு கிராமுக்குள்ளேயே 100 கோடி பாக்டீரியாக்கள் வரை இருக்கும். பூஞ்சை இழைகளை நீட்டி அளந்தால் மீட்டர் கணக்கில் வரும். பாக்டீரியாவைத் தின்னும் ஓரணு உயிர்கள், அவற்றைத் தின்னும் நூற்புழுக்கள், நூற்புழுவைச் சுருக்குப் போட்டுப் பிடிக்கும் பூஞ்சைகள் என்று ஒரு பெரிய காடே அதற்குள் அடக்கம். ஆய்வுக்கூடத் தட்டில் ஊட்டம் வைத்து வளர்த்துப் பார்த்தால் இவற்றில் 100க்கு 1 வளர்வதே அபூர்வம் என்பது நுண்ணுயிரியலில் பழைய செய்தி. மிச்சம் 99 பேர் தங்கள் மண்ணில்தான் வாழ்வார்கள். வேறு எங்கே கூப்பிட்டாலும் வரமாட்டார்கள்.

சித்தப்பா மோந்து பார்த்தாரே, அதற்கும் காரணம் உண்டு. மண்வாசனை மண்ணின் வாசனை இல்லை. அதில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிர்கள் விடும் ஜியோஸ்மின் என்ற பொருளின் வாசனை. 1965இல் அதற்கு அந்தப் பெயர் வைத்தார்கள். லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்குக்குத் தெரிந்துவிடும். அந்த வாசனை எதற்கு என்பதற்கு 2020இல்தான் ஒரு நல்ல விடை கிடைத்தது. மண்ணில் துள்ளித் திரியும் எள்ளளவு பூச்சி ஒன்று அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்து ஸ்ட்ரெப்டோமைசிஸைத் தின்கிறது. அதன் வித்துகள் பூச்சியின் உடம்பில் ஒட்டியும், எச்சத்தோடு விழுந்தும் வேறு இடத்துக்குப் பரவுகின்றன. பழம் பழுத்து மணத்தால் வௌவாலைக் கூப்பிடுகிற அதே ஏற்பாடுதான் இதுவும். இந்தக் குடும்பத்து உயிர் ஒன்றிலிருந்துதான் 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது; காசநோய்க்கு மருந்து இல்லை என்ற நிலையை மாற்றிய மருந்து அது. அதற்காக விஞ்ஞானி வாக்ஸ்மனுக்கு 1952இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அவர் மருந்து தேடியதும் விவசாய மண்ணில்தான்.

ஆக, வாசனை இருக்கிற மண்ணில் ஆள் இருக்கிறது. கொல்லை மண்ணில் மோந்தபோது ஒன்றும் வரவில்லை என்றால், கதவைத் தட்டியும் யாரும் வரவில்லை என்று பொருள்.

பேரலின் வாயைச் சாக்கால் மூடிப் புங்க மர நிழலில் வைத்தோம். காலையும் மாலையும் குச்சியால் வலம்புறமாகச் சுற்றிக் கலக்க வேண்டும். மறுநாள் காலையில் சாக்கைத் தூக்கினால் மேலே நுரை ததும்பி நின்றது. சாண நாற்றம் போய் லேசான புளிப்பு வாடை வந்திருந்தது. என் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "மாவு பொங்குன மாதிரி இருக்கு" என்றாள். அவள் சொன்னதில் எல்லாமே இருந்தது. இட்லி மாவுக்கு யாரும் வெளியிலிருந்து ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. உளுந்தின் மேலேயே ஒட்டிக்கொண்டு வருகிற லியூக்கனாஸ்டாக் என்ற பாக்டீரியா இரவோடு இரவாகப் பெருகி மாவைப் புளிக்கவைத்துப் பொங்கவும் வைக்கிறது. பழைய சோற்றில் நீராகாரம் புளிப்பதும் அப்படித்தான். பாலில் உறை குத்தும்போது அம்மா ஒரு கரண்டி மோர்தான் விடுவாள். கரண்டி மோர் ஒரு செம்புப் பாலைத் தயிராக்கும். பேரலில் அந்தக் கைப்பிடி மண் செய்கிற வேலை உறை மோர் செய்கிற வேலை. வெல்லமும் உளுந்து மாவும் அதற்கு வைத்த பால்.

நம்மைப் போலவே சோறு தின்று, புளிக்கவைத்ததை விரும்பிச் சாப்பிடுகிற இன்னொரு நாட்டிலும் இதே யோசனை வந்திருக்கிறது. கொரியாவில் சோ ஹான் க்யூ என்ற விவசாயி 1960களில் ஜப்பானுக்குப் போய்ப் படித்து வந்து, தன் ஊர்க் காட்டிலிருந்தே நுண்ணுயிர்களைத் திரட்டும் முறை ஒன்றை உருவாக்கினார். கொஞ்சம் விறைப்பாக வடித்த சோற்றை மரப்பெட்டியில் அழுத்தாமல் பரப்பி, காகிதத்தால் வாய் கட்டி, மூங்கில் காட்டிலோ பழைய மரத்தடியிலோ சருகுக்கு அடியில் வைத்துவிட வேண்டும். நாலைந்து நாளில் சோற்றின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். அதோடு சம எடை நாட்டுச்சர்க்கரை பிசைந்து வைத்தால் கெடாமல் நிற்கும். பிறகு தவிட்டில் சேர்த்துக் குவித்து, கடைசியில் வயல் மண்ணோடு கலந்து நிலத்துக்கே கொடுப்பது. அந்த முறையில் வந்த பெயர்தான் 'உள்ளூர் நுண்ணுயிர்கள்' என்பது. எந்த ஆய்வுக்கூடத்திலிருந்தும் எதையும் வரவழைப்பதில்லை என்பதுதான் அதன் அடிப்படை.

நாங்களும் செய்து பார்த்தோம். ஐயனார் கோயில் காட்டில் சருகு முழங்கால் உயரம் கிடக்கும். அங்கே கூடையை வைத்துவிட்டு எடுக்கலாமே என்றேன். சித்தப்பா ஒப்பவில்லை. "அங்கேருந்து ஒரு குச்சிகூட எடுக்கக் கூடாதுப்பா. எங்க அப்பா காலத்துலேருந்து எடுத்ததில்ல." கண்மாய்க் கரைப் புங்க மரத்தடியில் வைத்தோம். முதல் கூடையை எலி தின்றுவிட்டது. இரண்டாவதுக்கு மேலே கம்பி வலை போட்டுக் கல் வைத்தேன். ஐந்தாம் நாள் காலையில் காகிதத்தைப் பிரித்தபோது சோறு கண்ணில் தெரியவில்லை. இலவம்பஞ்சு விரித்த மாதிரி ஒரு வெள்ளைப் போர்வை. கூர்ந்து பார்த்தால் இழை இழையாக மேலே எழும்பி நுனியில் பனித்துளி ஏந்தி நின்றது. மோந்தால் இனிப்பான, கள் வாடை. ஒரு மூலையில் மட்டும் கறுப்பாகப் பிடித்திருந்தது. அதை வழித்து எறிந்தோம். தவிட்டில் சேர்த்துக் குவித்த மூன்றாம் நாள் குவியலுக்குள் கையை விட்டேன். காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுட்டது. நெருப்பு இல்லை, வெயில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அத்தனை உயிரும் மூச்சு விடுகிற சூடு அது. அன்று நான் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

இவ்வளவு பாடு எதற்கு, வேளாண் அலுவலகத்தில் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்று நுண்ணுயிர்கள் பொட்டலத்திலேயே கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நானும் வாங்கிப் போட்டவன்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பொட்டலத்தின் கதையை ஆரம்பத்திலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். பயறுவகைப் பயிரின் வேர்முடிச்சில் இருக்கும் பாக்டீரியாதான் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது என்று 1886இல் விஞ்ஞானி ஹெல்ரீகல் சொன்னார். 1888இல் பெய்ஜரிங் அந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுத்துக் காட்டினார். பத்து வருஷம்கூட ஆகவில்லை, ஜெர்மனியில் நோபேயும் ஹில்ட்னரும் அதைப் புட்டியில் அடைத்து 'நைட்ராஜின்' என்று பெயரிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கு முன்பு அங்கே விவசாயிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? நன்றாக விளைந்த பயறு வயலிலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டுபோய்ப் புது வயலில் தூவினார்கள். கைப்பிடி மண் அவர்களிடமும் இருந்திருக்கிறது.

புட்டியில் அடைத்தவற்றுக்கு ஒரு சிக்கல் வந்தது. இன்றைக்கும் அது தீரவில்லை. ஆய்வுக்கூடத்தில் பொறுக்கியெடுத்த சூரமான ரைசோபியம் என்ற அந்த வேர்முடிச்சு பாக்டீரியாவை விதையில் பூசி விதைக்கிறார்கள். செடி முளைத்து முடிச்சுப் போட்டபின் பிடுங்கிச் சோதித்தால் பெரும்பாலான முடிச்சுகளில் உட்கார்ந்திருப்பது அந்த மண்ணிலேயே இருந்த ஊர்க்கார பாக்டீரியா. வெளியூர்க்காரன் தோற்றுப்போகிறான். ஊர்க்காரனுக்கு அந்த மண்ணின் உப்பு தெரியும், சித்திரை வெயில் தெரியும், அந்த மண்ணில் தன்னைத் தின்ன வருகிறவன் யார் என்றும் தெரியும். வெளியிலிருந்து வந்த பாக்டீரியா, கிருமி நீக்கிய மண்ணில் விட்டால் நன்றாகப் பிழைக்கும். உயிருள்ள மண்ணில் விட்டால் சில வாரங்களில் தேய்ந்துபோகும். இது பலமுறை பார்த்துத் தெளிந்த விஷயம். ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். அந்த மண் அதுவரை கண்டிராத பயிர் வரும்போது அதற்கேற்ற பாக்டீரியாவும் கூடவே வந்தாக வேண்டும். பிரேசிலில் சோயா பரவியது அப்படிப் பூசி விதைத்துத்தான். அங்கே பொட்டலம் பெரிய உபகாரம் செய்தது. நம் கடலைக்கும் உளுந்துக்கும் தட்டைப்பயறுக்கும் ஊர்க்காரர்கள் ஏற்கெனவே மண்ணில் உண்டு.

நம்பிக்கை வராதவர்கள் கடலைச் செடி ஒன்றை நாற்பதாம் நாள் மண்ணோடு தோண்டி எடுத்து, வேரில் ஒட்டியிருக்கும் கடுகு போன்ற முடிச்சு ஒன்றை நகத்தால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்கும். நம் ரத்தத்துக்குச் சிவப்பு கொடுக்கிற ஹீமோகுளோபினின் உறவுக்காரப் பொருள்தான் அதற்கும் நிறம் கொடுக்கிறது. செடி ஒரு பொருளை விட்டுக் கூப்பிடுகிறது. பாக்டீரியா இன்னொரு பொருளை அனுப்பிப் பதில் சொல்கிறது. இருவருக்கும் ஒத்துப்போனால்தான் வேர் வழிவிடுகிறது. ஊர்ப்பேச்சு தெரிந்தவனுக்குத்தான் அந்த வீட்டில் இடம்.

இனி என் தவற்றைச் சொல்கிறேன். முதல் வருஷம் நான் ஒரு பயிற்சி முகாமில் கேட்டதை அப்படியே நம்பி, உப்பை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஏக்கருக்கு ஒரு பேரல் ஜீவாமிர்தம் பாய்ச்சினேன். ஒன்றரை ஏக்கர் கடலை. மண் மேலே ஒரு சருகு கிடையாது. நன்றாகக் களைவெட்டிச் சுத்தமாக, பளிச்சென்று வைத்திருந்தேன். விளைச்சல் பாதிக்கும் கீழே போனது. வீட்டில் பேச்சு வாங்கினேன். இயற்கை விவசாயமே ஏமாற்று என்று சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது.

சித்தப்பா கொல்லையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "விருந்தாளியக் கூப்பிட்டியே, உல வச்சியா?"

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். ஒரு பேரல் ஜீவாமிர்தத்தில் போகிற சாணம், கோமியம், மாவு எல்லாவற்றிலும் சேர்த்துத் தழைச்சத்து கால் கிலோவைத் தாண்டாது. ஏக்கர் நெல்லுக்கு வேளாண் துறை பரிந்துரைப்பது 50, 60 கிலோ. ஜீவாமிர்தத்தை உரம் என்று நினைத்தவர்கள் ஏமாந்துதான் போவார்கள். விஞ்ஞானிகள் பலர் சண்டைக்கு வருவதும் இந்த இடத்தில்தான். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அது உறை. உறை விட்டுவிட்டுப் பால் ஊற்றாத பாத்திரத்தில் தயிரைத் தேடினால் எங்கே கிடைக்கும்? நம் மானாவாரி மண்ணில் பெரும்பாலும் கரிமச்சத்து அரை சதவீதத்துக்கும் கீழே கிடக்கிறது. நுண்ணுயிருக்கு அதுதான் சோறு. பேரலிலிருந்து இறங்கிய கோடிக்கணக்கான உயிர்கள் என் சுத்தமான கொல்லையில், சித்திரை வெயிலில், பட்டினியால் செத்திருக்கும். அடுத்த வருஷம் கடலைக்கொடியை மாட்டுக்குப் போக மிச்சத்தை மண்ணிலேயே போட்டேன். தட்டைப்பயறை ஊடுபயிராக விட்டேன். கொழிஞ்சியையும் ஆவாரையையும் வெட்டி மூடாக்குப் போட்டேன். பேரலும் தொடர்ந்தது. இழந்தது திரும்பி வர மூன்று போகம் ஆயிற்று. இதைச் சொல்லாமல் யாருக்கும் இயற்கை விவசாயத்தைச் சிபாரிசு செய்வது துரோகம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயமும் பின்னால்தான் தெரிந்தது. பேரலில் பெருகுகிறவர்கள் எல்லாரும் வெல்லத்தைக் கண்டால் ஓடிவரும் அவசரக்காரர்கள். மண்ணில் பயிருக்கு ஆக நெருங்கிய துணை ஒன்று உண்டு. வேருக்குள்ளேயே புகுந்து குடியிருக்கும் பூஞ்சை. வேர்ப்பூஞ்சை, மைக்கோரைசா என்று இரண்டு பெயரும் சொல்வார்கள். வேர் எட்டாத தூரத்துக்கு நூலை விட்டு மணிச்சத்தையும் ஈரத்தையும் கொண்டுவந்து கொடுத்து, செடி காய்ச்சிய சர்க்கரையை வாங்கிக்கொள்கிறது. நிலத்துச் செடிகளில் 100க்கு 70க்கு மேல் இந்த உறவில் இருக்கின்றன. 40 கோடி ஆண்டுப் பழைய பாறைக்குள் கிடைத்த செடியின் தண்டிலும் இந்தப் பூஞ்சை இருந்திருக்கிறது. வேர் என்று ஒன்று ஒழுங்காக உருவாகும் முன்பே இந்த நட்பு உண்டாகிவிட்டது. இந்தப் பூஞ்சையைப் பேரலில் பெருக்க முடியாது. எத்தனை வெல்லம் போட்டாலும் பெருகாது. உயிருள்ள வேர் இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். ஆழ உழுதால் நூல் அறுந்துபோகும். நிலத்தை மாதக்கணக்கில் செடியில்லாமல் வெற்றாகப் போட்டால் மெலிந்துபோகும்.

அப்படியானால் நம் ஊரில் வருஷம் முழுக்க உயிருள்ள வேர் இருக்கிற இடம், கலப்பை படாத இடம், உப்பு விழாத இடம் எது? வரப்பு. சித்திரையில் வயல் வெடித்துக் கிடக்கும்போதும் அருகம்புல் வேர் வரப்புக்குள் பசேலென்று இருக்கும். சித்தப்பா பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. மைக்கோரைசா என்ற சொல்லை அவர் கேட்டதே இல்லை. ஆனாலும் அருகம்புல்லின் அடியில் எடு என்று இடம் குறித்துச் சொன்னார்.

வரப்பை வைத்து அரசனை வாழ்த்திய ஔவையின் கதை நமக்குப் பிள்ளைப் பருவத்திலேயே தெரியும். அங்கே அது தண்ணீருக்கான வாழ்த்து. இன்று வரப்பைப் பார்க்கிறபோது எனக்கு வேறொரு எண்ணம் வருகிறது. தயிர்ச் சட்டியை வழித்துப் பரிமாறுகிறபோது என் அம்மா அடியில் ஒரு கரண்டியை நிறுத்திவிடுவாள். எவ்வளவு கேட்டாலும் அந்தக் கரண்டி கிடைக்காது. "உறைக்கு வேணும்" என்பாள். பஞ்ச காலத்தில் விதைநெல் கோட்டையைத் தொடாமல் பசியோடு படுத்தவர்களின் கதை எல்லா விவசாயக் குடும்பத்திலும் உண்டு. கோயில் காட்டில் குச்சிகூட எடுக்கக் கூடாது என்றார் சித்தப்பா. வரப்பில் நெல் நடலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. நாளைய தயிர் இன்று பரிமாறாத கரண்டியில் இருக்கிறது. நாளைய வயல் இன்று பயிர் வைக்காத வரப்பில் இருக்கிறது. உயிர் அடுத்த வருஷத்துக்குப் போய்ச் சேர்வது நாம் உழைத்துச் சேர்த்ததில் இல்லை. நாம் தின்னாமல் விட்டதில்தான். உள்ளூர் நுண்ணுயிர் என்று நாம் இப்போது பெயர் வைத்துத் தேடுவதெல்லாம், முன்னால் இருந்தவர்கள் கைவைக்காமல் விட்ட இடங்களில் தப்பிப் பிழைத்தவைதான். எதையும் நாம் உண்டாக்கவில்லை. உறை தீராமல் யாரோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இதைப் புரிந்துகொண்டபின் ஊர்ப்பழக்கங்கள் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன. கோடையில் கண்மாய்க் கரம்பையை வண்டி வண்டியாக வயலுக்கு அடித்தார்கள். ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டை ஓட்டிவந்து அறுத்த வயலில் கிடை போட்டார்கள். புற்று மண்ணைக் கொண்டுபோய்ப் பாத்தியில் போட்டார்கள். சத்துக்காகத்தான் செய்தார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் உழாத ஓர் இடத்தின் உயிர், உழுத இடத்துக்கு வந்து சேர்ந்தது. குளத்திலிருந்து, மேய்ச்சல் காட்டிலிருந்து, புற்றிலிருந்து வந்தது. வயலைச் சுற்றி உழாத நிலம் இருந்தவரை வயலுக்கு உறை பஞ்சம் வரவில்லை.

இன்று வரப்பு தேய்கிறது. பங்காளிகளுக்குள் வரப்புச் சண்டை புதிதில்லை. நடவுக்கு முன்னால் மண்வெட்டியோடு இறங்கி அண்டை கழிக்கிறேன் என்று ஒவ்வொருவரும் தன் பக்கத்தில் நாலு விரல் செதுக்கிவிடுவார்கள். பத்து வருஷத்தில் ஒருவர் நடக்கக்கூட இடம் இருக்காது. அப்படியும் அருகம்புல் பிழைத்துக்கொண்டது. இப்போது வருவது அதுவல்ல. வரப்பில் புல் இருந்தால் பூச்சி சேரும், எலி சேரும், பார்க்க அசிங்கம் என்று களைக்கொல்லி அடிக்கிறார்கள். அடித்த ஏழாம் நாள் வரப்பு காய்ந்து மஞ்சளாகக் கிடக்கும். மழை விழுந்ததும் பிடிப்பில்லாமல் கரைந்து வயலுக்குள் இறங்கும். கையில் எடுத்து மோந்தால் கொல்லை மண்ணைப் போலவே ஒரு வாசனையும் இருக்காது. அந்த வருஷம் ஜீவாமிர்தம் போட நினைப்பவருக்கு ஜீவனுள்ள மண் எங்கிருந்து கிடைக்கும்?

மத்திய அரசு 2024 நவம்பரில் இயற்கை வேளாண்மைக்கான தேசிய இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2,481 கோடி ரூபாய். 10,000 இடுபொருள் மையங்கள் வைத்து விவசாயிகளுக்குக் கரைசல்கள் கிடைக்கச் செய்வது அதில் ஒரு பகுதி. நல்லதுதான்; மாடு இல்லாத வீடுகள்தான் இப்போது அதிகம். ஆனால் அந்த மையத்து கேனை வாங்கி அப்படியே வாய்க்காலில் திறந்துவிட்டால் பழைய பொட்டலக் கதைதான் திரும்பும். வாங்கிவந்த கரைசலில் கொஞ்சம் வெல்லம் கரைத்து, உங்கள் வரப்பு மண்ணை ஒரு கைப்பிடி போட்டு, நிழலில் ஒரு நாள் வைத்துக் கலக்கிவிட்டுக் கொடுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போகும்படி ஒரு நாள் திறந்து வைத்தபின் பயன்படுத்துங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். அறுவடைக்கு நிற்கும் கீரை மேல் தெளிக்காதீர்கள். சாணத்தில் நமக்கு ஆகாத கிருமிகளும் உண்டு.

சித்தப்பா போய் நான்கு வருஷம் ஆகிறது. அவர் பங்கு நிலம் இப்போது என் கையில். வரப்பை அவர் விட்ட அகலத்திலேயே, ஒன்றரை அடியாக, வைத்திருக்கிறேன். பக்கத்துக் கொல்லைக்காரர் அவர் பக்கம் களைக்கொல்லி அடிக்கும் நாளில் நான் போய் நின்றுகொள்கிறேன். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று இருவரும் பார்த்து, கொஞ்சம் பேசி, அவரும் வரப்புக்கு ஒரு முழம் முன்பே நிறுத்திக்கொள்கிறார். போன ஐப்பசியில் அவரே ஒரு சிரட்டையோடு வந்தார். பேரல் போடப் போகிறாராம். என் வரப்பில் ஒரு கை மண் கேட்டார்.

உங்களுக்கு நிலம் இருந்தால், இந்த வருஷம் உரத்தையோ பயிரையோ மாற்ற வேண்டாம். வரப்பில் மட்டும் மருந்து அடிக்காமல் இருங்கள். ஒரு மழை கழிந்து, அருகம்புல்லை விலக்கி, ஒரு கை அள்ளி மோந்து பாருங்கள்.